சினை மீனுக்கு வழி விடுங்கள்: நியூ ஜெர்சியில் சார்ட்டர் படகேறும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்துவிட்டால் எடிசன், பிஸ்காட்டவே, மன்றோ வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். "சனிக்கிழமைக்குப் படகு சொல்லியிருக்கிறோம், ஆறு பேரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, யார் வருகிறீர்கள்?" ராரிட்டன் விரிகுடாவுக்குள் ஸ்ட்ரைப்பர் மீன் (striped bass) வந்துவிட்டது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். கீபோர்ட், அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ், பெர்த் அம்பாய் துறைகளிலிருந்து விடியும் முன்னே கிளம்பி, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே அரைநாள் மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் சார்ட்டர் என்னும் இந்தச் சிறு வாடகைப் படகுகள் நம்மவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டன. சொந்தப் படகு வேண்டியதில்லை, கடலில் பழக்கம் வேண்டியதில்லை. தூண்டில்கோல் முதல் இரை வரை எல்லாவற்றையும் கேப்டனே தருகிறார். வாரம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு அது நல்ல பொழுது. அதைக் கெடுக்க நான் எழுதவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான்: இந்த ஆண்டும் படகு எடுங்கள், ஸ்ட்ரைப்பரைப் பிடியுங்கள், ஆனால் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். படகு சொல்லும்போதே அதைக் கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

"சட்டமே ஆளுக்கு ஒரு மீன் தருகிறது. நாங்கள் என்ன திருடியா தின்கிறோம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடையே இருந்தால் ஆளுக்கு ஒன்று என்பது இப்போதைய விதி. ஆறு பேர் போனால் ஆறு மீன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை போகும் படகு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மீனைக் கரை சேர்க்கலாம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அந்த விதி எப்படி அந்த அளவில் நின்றது, அதை அங்கே நிறுத்தியதில் நம் பங்கு என்ன என்பதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

மேய்ன் முதல் வட கரோலினா வரை ஸ்ட்ரைப்பருக்கு விதி வகுப்பது அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம். அதன் அறிவியலாளர்கள் 2024-இல் தந்த மதிப்பீட்டின்படி, 2023-இல் கடலில் இருந்த முட்டையிடும் பெண் மீன்களின் மொத்த எடை 19.1 கோடி பவுண்டு. இதற்குக் கீழே போகக் கூடாது என்று அவர்களே வகுத்த எல்லை 19.7 கோடி. எட்ட வேண்டிய இலக்கு 24.7 கோடி. அந்த இலக்கை 2029-க்குள் எட்டியாக வேண்டும் என்ற கெடுவும் அவர்கள் வைத்ததுதான். ஆக, கையிருப்பு எல்லைக்கும் கீழே கிடக்கிறது, கெடுவோ நெருங்கிவிட்டது. இந்த நிலையில் பிடிப்பை 12 சதவீதம் குறைக்கும் திட்டம் ஒன்று 2025-இல் மக்கள் கருத்துக்கு வந்தது. அக்டோபரில் ஆணையம் அந்தக் குறைப்பை ஏற்காமல் விட்டுவிட்டது.

அந்த விவாதம் நெடுகிலும் திரும்பத் திரும்ப ஒலித்த வாதம் ஒன்று உண்டு. மீனை வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்றால் சார்ட்டர் வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள், படகுத் தொழில் அழிந்துபோகும் என்பது அது. அதற்கு முந்தைய சுற்றிலும் இதே வாதம் எழுந்தது. கரையில் நின்று பிடிப்பவர்களுக்கும் சொந்தப் படகில் போகிறவர்களுக்கும் ஒரு விதி, காசு கொடுத்துச் சார்ட்டர் ஏறுகிறவர்களுக்குச் சற்றுத் தளர்ந்த விதி என்று பிரித்துத் தரும்படி கேட்டார்கள். 2024 ஜனவரியில் ஆணையம் அதை மறுத்து, கடலோரம் எங்கும் எல்லோருக்கும் ஒரே அளவு என்றது. நல்ல முடிவு. ஆனாலும் கோரிக்கை ஓயவில்லை.

நண்பர்களே, அந்த "வாடிக்கையாளர்" யார்? நாம்தான். நம்மை யாரும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. நம்முடைய ஆசை என்று ஒன்றை வைத்துக்கொண்டு, நம் சார்பில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆசை நமக்கு உண்மையில் எவ்வளவு இருக்கிறது? ஒரு துண்டு மீனுக்காகவா ஆறு பேர் சேர்ந்து அவ்வளவு பணம் கொடுக்கிறோம்? அதே பணத்துக்கு எடிசன் மீன் கடையில் வஞ்சிரமும் வவ்வாலும் ஒரு மாதத்துக்கு வாங்கலாமே. நாம் போவது நுரைக்கும் தண்ணீருக்காக, கோல் வளையும் அந்த நொடிக்காக, நண்பர்களோடு கழியும் ஒரு காலைப்பொழுதுக்காக. அதை உரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

இனி மீனைப் பற்றி. ஸ்ட்ரைப்பர் கடலில் வாழ்ந்து நன்னீரில் முட்டையிடும் இனம். வெள்ளி உடம்பில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். முப்பது ஆண்டு வரை உயிர்வாழும். இந்தக் கரையோரம் அலையும் மீன்களில் பெரும்பாலானவை மேரிலாந்து பக்கத்துச் செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் பிறந்தவை. மற்றவற்றில் ஹட்சன் ஆற்றில் பிறந்தவையும் டெலவேர் ஆற்றில் பிறந்தவையும் முக்கியமானவை. வசந்தத்தில் தாய்மீன்கள் ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும். பிறகு கோடைக்கு வடக்கே மாசசூசெட்ஸ், மேய்ன் வரை போய், குளிருக்குத் தெற்கே திரும்பும். முட்டை அடியில் ஒட்டிக்கொள்ளாது. ஓடும் நீரில் மிதந்தபடியே இரண்டு மூன்று நாட்களில் பொரிய வேண்டும். தண்ணீர் போதிய வேகத்தில் ஓட வேண்டும், சரியான வெப்பத்தில் இருக்க வேண்டும், குஞ்சு பொரியும் நேரத்தில் அதற்கு இரையான நுண்ணுயிர்கள் ஆற்றில் நிறைந்திருக்க வேண்டும். மூன்றும் கூடிவரும் ஆண்டுகள் அரிது. அதனால்தான் இந்த மீனின் பிறப்புக் கணக்கு எப்போதும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது: ஓராண்டு கொட்டிக்கொடுக்கும், அடுத்துப் பல ஆண்டுகள் வெறுமையாகப் போகும். அந்த வெறுமையைக் கடந்து வருவதற்காகத்தான் இயற்கை அதற்கு முப்பதாண்டு ஆயுளைக் கொடுத்திருக்கிறது.

ஆறு வயதுப் பெண் மீன் ஏறக்குறைய ஐந்து லட்சம் முட்டை இடும். பதினைந்து வயது மீன் முப்பது லட்சம் இடும். ஆனால் ஆறு வயதில் பெண் மீன்களில் பாதிகூட முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. எல்லாம் முட்டையிடும் நிலைக்கு வர ஒன்பது வயதாகிறது. நம் ஐஸ் பெட்டிக்குள் போகும் 28 அங்குல மீன், பெண்ணாக இருந்தால், வாழ்க்கையில் ஒருமுறையோ இருமுறையோ முட்டையிட்டிருக்கும். ஒருமுறைகூட இடாமலும் இருக்கலாம்.

ராரிட்டனில் ஏப்ரலில் நம் தூண்டிலில் சிக்குபவற்றில் ஹட்சன் ஏறக் காத்திருக்கும் சினை மீன்கள் இருக்கின்றன. மே மாதத்தில், செசபீக்கில் முட்டையிட்டுக் களைத்து வடக்கே திரும்பும் மீன்களும் அவற்றோடு வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதற்காகவே அந்தத் தடைக்காலம். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அன்றாடம் கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்த இரண்டு மாத வருமான இழப்பைத் தாங்குகின்றன. மீன் விலை ஏறியதே என்று நம் வீடுகளில் முணுமுணுத்தாலும், அந்தத் தடை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே நாம் பொழுதுபோக்குக்காகப் படகேறும் வாரங்கள் ஏறத்தாழ அதே வாரங்கள். சினையை வறுத்துத் தின்பதில் நமக்குள்ள பிரியம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த மீனின் சினை இப்போது எவ்வளவு விலைமதிப்பற்றது என்பதை அறிய மேரிலாந்தின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் மேரிலாந்து அரசின் ஆய்வாளர்கள் செசபீக்கின் மேல் பகுதியிலும் சோப்டாங்க், நாண்டிகோக், பொட்டோமாக் ஆறுகளிலும் குறிப்பிட்ட 22 இடங்களில் கரைவலை இழுக்கிறார்கள். ஓர் இழுப்புக்கு அந்த ஆண்டில் பிறந்த ஸ்ட்ரைப்பர் குஞ்சு சராசரியாக எத்தனை விழுகிறது என்பதே கணக்கு. நெடுங்காலச் சராசரி சுமார் 11. 1996-இல் அது 59.4. 2011-இல் 34.6. 2015-இல் 24.2. இப்போது அண்மை ஆண்டுகளுக்கு வாருங்கள். 2019-இல் 3.4, 2020-இல் 2.5, 2021-இல் 3.2, 2022-இல் 3.6, 2023-இல் 1.0, 2024-இல் 2.0, 2025-இல் 4.0. ஏழு ஆண்டு தொடர்ந்து தொட்டில் ஏறக்குறைய காலி.

இதற்குத் தூண்டில் போடுபவர்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை. குளிர்காலங்கள் வெதுவெதுப்பாகிவிட்டன; பனி குறைந்து வசந்தத்தில் ஆறுகளில் நீர்வரத்து குறைகிறது; எழுபதுகளில் விளையாட்டு மீன்பிடிப்புக்காக வர்ஜினியா ஆறுகளில் கொண்டுவந்து விட்ட நீலக் கெளுத்தி இன்று செசபீக் முழுவதும் பெருகிக் கண்ணில் படுவதையெல்லாம் தின்கிறது. இவற்றில் எதையும் நீங்களும் நானும் ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒன்று முடியும். நல்ல ஆண்டு ஒன்று வரும்போது முட்டையிடத் தாய்மீன் போதிய அளவு உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ள முடியும். இப்போது அந்தப் பொறுப்பைச் சுமப்பவை பெரும்பாலும் 2015-இலும் அதற்கு முன்னும் பிறந்த பெரிய மீன்களும், 2018-இல் பிறந்த நடுத்தரக் கூட்டமும்தான். அவற்றுக்குப் பின்னால் வரிசையில் ஆள் இல்லை.

இப்படித் தாய்மீனைக் காத்து வைத்ததால் பலன் கிடைத்த வரலாறு இதே மீனுக்கு உண்டு. 1973-இல் வணிகப் படகுகள் கரையோரம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பவுண்டு ஸ்ட்ரைப்பரைப் பிடித்தன. பத்தே ஆண்டில், 1983-இல், அது 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, ஆணையத்தின் திட்டத்தை மதிக்காத மாநிலத்தில் ஸ்ட்ரைப்பர் பிடிப்பதையே தடைசெய்யும் அதிகாரத்தை உருவாக்கியது. 1985 ஜனவரி முதல் மேரிலாந்து முழுத் தடை போட்டது. அங்கே ஸ்ட்ரைப்பர் மாநிலத்தின் அடையாளம், ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு. இருந்தும் தடை போட்டார்கள். அப்போதைய திட்டம் எளிமையானது. 1982-இல் ஓரளவு நன்றாகப் பிறந்த ஒரு கூட்டம் இருந்தது. அதன் பெண் மீன்கள் ஒருமுறையாவது முட்டையிடும் வரை அவற்றைத் தொடாமல் விட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கூட்டம் வளர வளர, குறைந்தபட்ச அளவையும் அதற்கு முன்னால் ஏற்றிக்கொண்டே போனார்கள். 1989-இல் மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கு 25-ஐத் தாண்டியது. 1990-இல் மீன்பிடிப்பு மெல்லத் திறந்தது. 1995-இல் இனம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். இன்று "ஸ்ட்ரைப்பர் பொழுது" என்று நாம் கொண்டாடும் இந்தச் சார்ட்டர் தொழில் வளர்ந்ததே அந்த ஐந்தாண்டுப் பொறுமையின் மேல்தான்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது, அவர்கள் ஒரு சுமாரான கூட்டத்தை நம்பிக் காத்திருந்தார்கள் என்பது. 1982 ஒன்றும் பொற்காலம் இல்லை. 2018-உம் இல்லை. கையில் இருப்பது அதுதான் என்றால் அதைத்தான் காக்க வேண்டும்.

நியூ ஜெர்சிக்காரர்களான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஸ்ட்ரைப்பரை மிகுதியாகக் கரைக்குக் கொண்டுவரும் மாநிலங்களின் முன்வரிசையில் நாம் இருக்கிறோம். இங்கே ஸ்ட்ரைப்பரை விற்பது சட்டவிரோதம். வணிகப் படகுகளுக்கு இடமே இல்லை. ஆணையம் மாநிலத்துக்குத் தரும் வணிக ஒதுக்கீட்டை அரசு "போனஸ்" அனுமதிச் சீட்டாகப் பொதுமக்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறது: வழக்கமான ஒரு மீனுக்கு மேல், 24 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடைப்பட்ட இன்னொரு மீன். சில படகுகள் இதையே விளம்பரமாகச் சொல்கின்றன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவு மீனுக்கு வயது ஏறத்தாழ நான்கு முதல் ஆறு. அப்படியானால் அவை பிறந்தது 2020-க்கும் 2022-க்கும் இடையில், மேரிலாந்து வலையில் இரண்டும் மூன்றுமாக விழுந்த அந்த ஆண்டுகளில். ஏற்கெனவே குறைவாகப் பிறந்த கூட்டத்திலிருந்து, பெரும்பாலும் முட்டையிடாத வயதில் ஒன்றைக் கூடுதலாக எடுப்பதற்கான சீட்டு அது. தயவுசெய்து அதற்கு விண்ணப்பிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

கேப்டன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களை எதிரிகளாகக் காட்டுவது அநியாயம். ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கடலோரக் காவல்படையின் உரிமத்தோடு, பெரும்பாலும் தனி ஆளாக நடத்தும் தொழில் இது. எரிபொருள், படகுத்துறை வாடகை, காப்பீடு, எந்திரப் பழுது எல்லாம் அவர் தலையில். காற்று மாறினால் அன்றைய வருமானம் போயிற்று. ஸ்ட்ரைப்பர் என்ற ஒரு மீனை நம்பி ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிழைப்பவருக்கு, விதி கடுமையாகிறது என்ற செய்தி வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கூட்டங்களில் எழுந்து நின்று கோபப்படுகிறவர்களின் குரலில் இருப்பது பெரும்பாலும் பயம். அந்தப் பயத்தைப் போக்கும் மருந்து ஆணையத்திடம் இல்லை, வாடிக்கையாளரிடம்தான் இருக்கிறது. "மீன் வேண்டாம், ஆனால் நாங்கள் வருவோம், அதே பணம் தருவோம், உதவியாளருக்கு அதே அன்பளிப்பும் தருவோம்" என்று நாம் சொன்னால் அவர் பேச்சு மாறும். ஏற்கெனவே இப்படி மாறிவிட்ட கேப்டன்கள் மாண்டாக் முதல் கேப் காட் வரை பலர் இருக்கிறார்கள். மெல்லிய கோலும் ஒற்றை முள்ளும் வைத்து, பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட்டு, பருவம் முழுவதும் இடம் நிறைந்து ஓடும் படகுகள் அவை.

ஆனால் விட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆணையத்தின் கணக்கில், விடப்படும் நூறு ஸ்ட்ரைப்பரில் ஒன்பது பிறகு செத்துப்போகின்றன. ஒன்பது என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். பிடிபடும் மீனில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் விடப்படுகின்றன. கரையோரம் முழுவதும் அப்படி விடப்படுபவை ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். அதனால் மனிதர் கையால் சாகும் ஸ்ட்ரைப்பரில் பாதிக்கு நெருக்கமானவை, யாரும் தின்னாமல், யார் கண்ணிலும் படாமல் சாகின்றன. வசந்தத்தில் ராரிட்டனில் அளவு மீறிய பெரிய தாய்மீன்கள் மிகுதியாகச் சிக்குகின்றன. சட்டப்படி அவற்றை விடத்தான் வேண்டும். எப்படி விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒருமுறை ஒரு படகில், நாற்பது அங்குலத்துக்கும் மேற்பட்ட ஒரு தாய்மீனைத் தாடையைப் பிடித்துத் தூக்கி ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படம் எடுத்து முடித்த பிறகு, உதவியாளர் அதைப் படகின் விளிம்பிலிருந்து தூக்கித் தண்ணீரில் போட்டார். அது வயிறு மேலே தெரியப் பின்னால் மிதந்து போனதைக் கண்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மீன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிழைத்து வந்தது. முப்பது நொடிப் படத்துக்காக அது போக வேண்டியதில்லை.

உயிருள்ள இரையோ வெட்டிய பங்கர் என்ற இரைமீன் துண்டோ போட்டால் வட்ட முள் கட்டாயம்; 2021 முதல் அது விதி. அந்த முள் தொண்டைக்குள் இறங்காமல் தாடை ஓரத்தில் மாட்டும். ஆனால் மீன் கடித்ததும் நாம் பழக்கத்தில் சுண்டி இழுத்தால் அது வேலை செய்யாது. நூல் தானாக இறுகட்டும், பிறகு மெதுவாகக் கோலை உயர்த்துங்கள். செயற்கை இரையில் மூன்று முனை முள் மாட்டியிருந்தால், ஒற்றை முள்ளாக மாற்ற முடியுமா என்று கேப்டனிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார். மீனை நெடுநேரம் விளையாட்டுக் காட்டிக் களைக்க வைக்காமல் சீக்கிரம் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் நோயிலிருந்து அதற்குக் காப்பு. பெரிய மீனைத் தாடையில் தொங்கவிடாதீர்கள், ஒரு கை வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பாருங்கள். உங்களுக்குத் திணறத் தொடங்கும்போது மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கொக்கிக் கம்பால் குத்தி ஏற்றுவது எங்கும் தடை. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் 70 பாரன்ஹீட்டைத் தாண்டியபின் ஸ்ட்ரைப்பர் பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள், வெந்நீரில் களைத்த மீன் மீள்வது கடினம். இன்னொன்று: போதும் என்று எண்ணுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நல்ல மீன் பார்த்தாகிவிட்டால் வேறு மீனுக்குப் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள். நாற்பதாவது மீனையும் பிடித்து விட்டோம் என்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை, அதற்குள் மூன்று நான்கு செத்திருக்கும்.

முடிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். படகை ஏப்ரலிலிருந்து அக்டோபர், நவம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது மீன்கள் கொழுத்து, பங்கர் கூட்டத்தைத் துரத்தியபடி சாண்டி ஹுக்கிலிருந்து பார்னகட் வரை கரையை ஒட்டியே தெற்கே நகரும். தண்ணீர் குளிர்ந்திருக்கும், சினை இருக்காது, காட்சியும் வசந்தத்தைவிட அழகு. கேப்டனுக்கும் வருமானம் குறையாது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு வெளியே ஸ்ட்ரைப்பர் பிடிப்பது 1990 முதல் மத்திய அரசால் தடைசெய்யப்பட்டது. இலையுதிர்காலத்தில் மீன் கூட்டம் வெளியே போனால் பின்னாலேயே போகச் சொல்லிக் கேப்டனை வற்புறுத்தாதீர்கள்.

குடும்பத்துக்கு எடுத்துப்போகிறோம் என்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஹட்சன் ஆற்றங்கரையில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஊர்களில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் 1947 முதல் 1977 வரை பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருளை ஆற்றில் கலந்தன. சுமார் 200 மைல் நீள ஆறு 1984-இல் தேசிய நச்சுத் தூய்மைப் பட்டியலில் சேர்ந்தது. இந்த நஞ்சு மீனின் கொழுப்பில் தங்கும், வயதான மீனில் மிகுதியாகச் சேரும். நியூ ஜெர்சி அரசின் உணவு அறிவுரையில் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த மீன் பற்றிக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. சாப்பிடுவதென்றால் தோலையும் கொழுப்பையும் அகற்றிவிடச் சொல்கிறார்கள். நாம் சமைப்பதோ தலையோடும் தோலோடும், எண்ணெய் மிதக்கும் குழம்பாக. பிள்ளைக்கு நல்லது என்று வயிற்றுப் பகுதித் துண்டை எடுத்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழம்புக்குக் கடலில் வேறு மீன் இல்லாமல் போய்விடவில்லை. போர்கி என்ற வெள்ளி நிறச் சிறுமீன் இதே கரையோரம் இலக்கைவிட மிகுதியாகப் பெருகிக் கிடக்கிறது. பிளாக் சீ பாஸ் என்ற கரிய மீனும் அப்படியே. பருவம் திறந்திருக்கும் நாட்களில் இவற்றுக்கென்று படகு சொல்லுங்கள். போர்கியை முழுசாகப் புளிக்குழம்பில் போடலாம், பிளாக் சீ பாஸின் சதை வறுவலுக்கு உடையாமல் நிற்கும். சிறுபிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் ஸ்ட்ரைப்பரைவிட இதுவே மேல், தூண்டில் போட்ட இடமெல்லாம் கடிக்கும்.

கடைசியாக ஒரு வேலை. ஆணையத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாக்கு. அதை மூன்று பேர் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். மாநில மீன்வளத் துறையின் பிரதிநிதி, ஆளுநர் நியமித்தவர், சட்டமன்றத்தின் சார்பில் ஒருவர். அவர்கள் பெயரும் முகவரியும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறார்கள், கூட்டத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் எழுதலாம், குடியுரிமை கேட்பதில்லை. நீண்ட வாதம் வேண்டாம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், ஆண்டுதோறும் சார்ட்டர் படகுக்குப் பணம் கொடுக்கிறேன், ஒரு மீன்கூட எடுக்க முடியாவிட்டாலும் தொடர்ந்து வருவேன், எங்களைக் காரணம் காட்டிக் குறைப்பைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான்கு வரி போதும். ஒருவர் எழுதியதை எல்லோரும் நகலெடுத்து அனுப்பினால் படிவக் கடிதம் என்று தனியாக ஒதுக்கி எண்ணிவிடுவார்கள். ஆகவே நீங்கள் எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், அந்தக் காலைப்பொழுது உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். அதன் நகல் ஒன்றை உங்கள் கேப்டனுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
நடு ஜெர்சியிலிருந்து உங்களைப் போலவே படகேறும் ஒருவன்